சிஸ்டரின் கை

எங்கள் கம்பெனியில் சிஸ்டரிடம் அடி வாங்காத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று முதலாளி. அவர் எப்போதாவது வருவார், காரை விட்டு இறங்காமலே போய்விடுவார். இன்னொன்று வாசலில் கட்டிப் போட்டிருந்த நாய்.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம் இருந்த தோல் கம்பெனி அது. ஆட்டுத்தோல் பச்சையாக வந்து இறங்கும். சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறி முடி கழன்று, அப்புறம் பெரிய மர டிரம்முக்குள் ஆசிட்டோடும் குரோமோடும் உருண்டு நீலமாக வெளியே வரும். நான் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் முதலுதவி அறை நர்ஸ். இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு நர்ஸ் இருந்தாக வேண்டும் என்று யாரோ சொல்லி, காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்குக் கட்டு, நாள் முழுக்க ஃபேன் காற்று என்று நினைத்துத்தான் அவரை வேலைக்கு எடுத்திருப்பார்கள். வந்த வாரமே அவர் ஃபேனை அணைத்துவிட்டு, நாங்கள் தோல் ஊறவைக்கும் யார்டுக்குள் இறங்கிவிட்டார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். குள்ளம். மணிக்கட்டு மட்டும் ஆம்பளை மணிக்கட்டு. வெள்ளைப் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, எங்களைப் போலவே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சுண்ணாம்புத் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து வருவார். வாட்சை உள்பக்கமாகத்தான் கட்டுவார். அறையும்போது கண்ணாடி உடையக் கூடாதென்று அப்படிக் கட்டியிருக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண் வார்டில் இருந்தாராம், ஒரு டாக்டரையே அடித்துவிட்டு வெளியே வந்தாராம். இதை அவரிடம் கேட்கும் தைரியம் எங்களில் ஒருவனுக்கும் இருந்ததில்லை.

அவருடைய சண்டையெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். கண்ணுக்குப் போடுகிற காகுல்ஸ். கம்பெனி எல்லோருக்கும் கொடுத்திருந்தது. நாங்களும் மரியாதையாக வைத்திருந்தோம், நெற்றியில், கழுத்தில், சுவரில் அடித்த ஆணியில். கண்ணில் மட்டும் போட மாட்டோம். யார்டு பூராவும் ஈரம், போட்ட ஐந்தாவது நிமிடமே உள்ளே ஆவி படிந்து எதிரே நிற்பவன் மாமனா மச்சானா என்று தெரியாது. இதை ஒருநாள் நான் சிஸ்டரிடம் நியாயமாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு அறைந்தார்.

"ஆவி படிஞ்சா அந்தாண்ட வெளிய போய் தொடச்சினு வா. யார்டுக்குள்ள கழட்டாத. கன்னம் வீங்குனா ரெண்டு நாள்ல வத்திடும்டா. கண்ணு போனா உங்கப்பன் வந்தாலும் திரும்பி வராது."

இதுதான் அவருடைய கணக்கு. கன்னம் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். இந்தக் கணக்கை அவர் யாரிடம் சொல்லவும் கூச்சப்பட்டதில்லை. மேனேஜரிடமே சொல்லியிருக்கிறார். அவரும் அந்த வாரத்திலிருந்து யார்டுக்கு வரும்போது காகுல்ஸ் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

ஆசிட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கண் கழுவும் குழாய் ஒன்று இருந்தது. சின்ன பேசின், அதில் மேல்நோக்கிப் பார்த்த இரண்டு மூக்கு, பக்கத்தில் ஒரு பிடி. பிடியைத் தள்ளினால் இரண்டு மூக்கிலிருந்தும் தண்ணீர் மேலே பாயும், முகத்தைக் குனிந்து காட்ட வேண்டும். சிஸ்டர் வருவதற்கு முன்னால் அதில் நாங்கள் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் வந்தபின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிடியைத் தள்ளி, துருவேறிய தண்ணீர் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை பக்கத்திலேயே நிற்பார். குழாய்க்குப் போகிற வழியில் யாராவது தோலை அடுக்கியிருந்தால், மொத்த அடுக்கையும் உதைத்துத் தரையில் தள்ளுவார். ஈரத்தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவனுக்குத்தான் தெரியும். அந்த அம்மாள் காலாலேயே தள்ளுவார்.

அதோடு விட்டாரா? ஒருநாள் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவனாகக் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டி, டிரம் பக்கத்திலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டார். போ, குழாயைத் தேடு என்றார். ஆசிட் தெறித்தவனுக்குக் கண் திறக்காது, அப்போது எவன் வந்து வழி காட்டுவான் என்பது அவர் கேள்வி. நாங்கள் தள்ளுவண்டியில் முட்டினோம், வாய்க்காலில் கால் விட்டோம். ஒருவன் தடவித் தடவி நேராக மேஸ்திரியின் நாற்காலிக்குப் போய் அவர் மடியிலேயே உட்கார்ந்தான். சிரித்தவர்களுக்குத் தனியாக அடி விழுந்தது. குழாயைத் தொடும்வரை துணியை அவிழ்க்க விடவில்லை. அன்று முதல் ஆளாகப் போய்த் தொட்டவன் முருகேசன். அவன் மட்டும் அடி வாங்காமல் பேசினில் முகத்தை விட்டுக்கொண்டு, சிஸ்டர் பாஸா என்று கேட்டான். பாஸ் என்று தலையில் ஒரு தட்டு தட்டினார். அவர் அளவுக்கு அது கொஞ்சல்.

முருகேசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் என் தோஸ்த். டிரம் வேலையே அவனுக்குப் பிடிக்காது. ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரியில் ஏறிவிட வேண்டும், மும்பை வரை போக வேண்டும் என்று எந்நேரமும் அதே பேச்சு. பொண்டாட்டியையும் அந்த ஆசைக்குப் பழக்கி வைத்திருந்தான். இந்த யார்டில் நீ இருக்கப் போவதே கொஞ்ச நாள், அதுவரை கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள், குருட்டு டிரைவருக்கு எவனும் லாரி தர மாட்டான் என்று சிஸ்டரே அவனிடம் சொல்வார்.

நான் அவரை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டும்போது ஒருமுறை என் வலது கண்ணில் தெறித்தது. தீ வைத்தது போல எரிந்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினேன். சிஸ்டர் எங்கிருந்து வந்தாரோ, பின்கழுத்தைப் பிடித்து முகத்தைத் தண்ணீரில் அமுக்கினார். கண்ணைத் திற என்றார். எங்கே திறப்பது? கட்டை விரலை இமைக்குள் விட்டுப் பிளந்தார். நான் முழங்கையால் அவர் வயிற்றில் இடித்தேன், அவர் திருப்பி என் விலாவில் இடித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் விடவே இல்லை. இமையைப் புரட்டிப் புரட்டி உள்ளே ஒட்டியிருந்த சுண்ணாம்பெல்லாம் போகும்வரை கழுவினார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி. டாக்டர் பார்த்துவிட்டு, யார் கழுவினார்களோ அவர்களுக்குக் கும்பிடு போடுங்கள் என்றார். நான் இன்றைக்கும் இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன் என்றால் அந்தக் கட்டை விரலால்தான். அந்த அம்மாள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

பிரியம் இருந்தது என்பதற்காக எல்லாவற்றையும் மூடி மறைக்க முடியாது. அவருக்கு அடிப்பது பிடித்திருந்தது. கண்ணுக்காக ஆரம்பித்த அடி கையுறைக்கு, பூட்ஸுக்கு, வெற்றிலைத் துப்பலுக்கு என்று பரவிக்கொண்டே போனது. அடித்த பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயரில் நின்று பாடுவார், நல்ல குரல். திங்கட்கிழமை அதே வாயால் எங்கள் பாட்டன் பூட்டனையெல்லாம் இழுப்பார்.

கலவை என்கிற ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கி வேலை செய்த ஒரு பெரியவர் இருந்தார். ஆசிட் கேன் பக்கம் காகுல்ஸ் இல்லாமல் நின்றார். சிஸ்டர் பின்னாலிருந்து இரண்டு தடவை கத்தினார். பெரியவர் திரும்பவில்லை. என்ன திமிர் என்று ஓடிப்போய்க் காதோடு சேர்த்து ஓங்கி ஒன்று விட்டார். பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு காது ஏற்கெனவே கேட்காது. சிஸ்டர் அடித்தது கேட்கிற காதில். ரத்தம் வந்தது. அடுத்த நாள் பெரியவர் துணிமணியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பழம் வாங்கிக்கொண்டு கலவைக்குப் போனார். வழி காட்ட நான் போனேன். பெரியவர் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. மருமகள் வந்து பழப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, அடித்தது தப்பு என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தோணுது. ஆனா கண்ணு நல்லாதான கீது அந்தாளுக்கு."

அடுத்த நாள் யார்டில் அவர் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக அடித்தார். அன்றிலிருந்துதான் ஆட்கள் உள்ளுக்குள் கருவ ஆரம்பித்தார்கள். பொம்பளை என்று பார்க்கிறோம், ஒருநாள் கையைப் பிடித்து முறுக்கினால்தான் அடங்குவாள் என்று டீக்கடையில் வெளிப்படையாகவே பேசினார்கள்.

அந்த ஒருநாள் வந்தது. டிரம்முக்கு ஆசிட் கலக்கும் வேலை. முதலில் பேரலில் தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது ஆசிட்டில் தண்ணீரை விட்டால், கொதித்து முகத்தில் அடிக்கும். இது தோல் கம்பெனியில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம், சுவரிலும் சிவப்பு பெயின்டில் எழுதியிருந்தது. முருகேசன் பேரல் பக்கத்தில் குந்தியிருந்தான், இன்னொருவன் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தான். முருகேசன் காகுல்ஸ் போட்டிருந்தான். ஆவி படிந்துவிட்டது. துடைக்க வெளியே போக வேண்டும், யார் போவது? ஒரு நொடி கழற்றிச் சட்டையில் துடைத்தான். அதே நொடியில் கேன் காற்றை இழுத்துக் குபுக்கென்று அவன் முகத்தில் ஆசிட்டைக் கக்கியது.

அலறிக்கொண்டே அவன் எழுந்து நடந்தான். கண் இரண்டும் இறுக மூடியிருந்தது, கையை நீட்டியபடி நேராகக் குழாயைப் பார்த்துத்தான் போனான். கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. நான் டிரம்மை நிறுத்திவிட்டு ஓடுவதற்குள் மேஸ்திரி குறுக்கே விழுந்து அவனைக் கட்டிப் பிடித்துவிட்டார்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. முருகேசனை இந்த வேலையில் சேர்த்தவரே அவர்தான். ஆனால் வாழ்நாள் பூராவும் டிரம்மையே பார்த்த மனுஷன். ஆசிட் மேல் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. கண்ணில் இருப்பதும் ஆசிட்தானே, தண்ணீர் விட்டால் கண் வெந்துபோகும் என்று கத்தினார். டிரம்மில் ஆசிட் அதிகமானால் சோடா மாவு போட்டுத்தான் அடக்குவோம். ஒருவனை விரட்டிச் சோடா கொண்டுவரச் சொன்னார். மக்கில் அள்ளி, கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தான்.

சிஸ்டர் வந்ததும் முதலில் மக்கை உதைத்தார். அடுத்த உதை மேஸ்திரியின் முட்டிக்கு. முருகேசனை முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்க் குழாயில் அமுக்கினார். நான் போய் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டேன். அவன் வலியில் அவர் கையைக் கடித்தான். கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றான். சிஸ்டர் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, பிடரியில் இரண்டு அறை விட்டு, வலது கண் இமையைக் கட்டை விரலால் பிளந்தார். கொல்றாங்க, கொல்றாங்க என்று அவன் போட்ட சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். ஆசிட் தெறித்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம், மேஸ்திரி தரையில் கிடக்கிறார், சிஸ்டர் முருகேசன் மேல் ஏறி உட்கார்ந்து தலையைத் தண்ணீரில் அமுக்கி அடிக்கிறார். ஒருத்தன் அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். இன்னொருத்தன் கொண்டையைப் பிடித்து இழுத்தான். ஆசிட்டுடா ஆசிட்டுடா என்று நான் கத்தினேன், என் வாயில் ஒரு குத்து விழுந்தது, பல் ஆடியது. சிஸ்டரைத் தோல் அடுக்கின் மேல் தள்ளி இரண்டு பேர் அழுத்திக்கொண்டார்கள். இத்தனை காலம் வாங்கியதை ஒருவன் திருப்பிக் கொடுக்கவும் ஆரம்பித்தான். சத், சத் என்று அவர் கன்னத்தில் விழுந்த அடி எனக்குக் கேட்டது.

சிஸ்டர் தனக்கு விழுந்த அடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடது கண்ணு, இடது கண்ணு கழுவல என்பதையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்.

அதற்குள் மேஸ்திரி நொண்டிக்கொண்டே வந்து, தரையில் சிந்தியிருந்த சோடாக் குழம்பை விரலால் வழித்து முருகேசனின் இடது கண்ணில் அப்பிவிட்டார். அவன் துள்ளிய துள்ளலில் என்னையும் சேர்த்துத் தூக்கி எறிந்தான். சிஸ்டர் எப்படி விடுவித்துக்கொண்டார் என்று நான் பார்க்கவில்லை. தோல் புரட்டும் கட்டையோடு அவர் வந்தது மட்டும் தெரியும். குறுக்கே நின்றவனின் முன்னங்கையில் ஒரு போடு, எலும்பு முறிந்தது. மேஸ்திரியின் நெற்றியில் ஒரு போடு, அவர் சாய்ந்தார். பிறகு யாரும் கிட்டே வரவில்லை. சிஸ்டர் மூக்கில் ரத்தம் வழிய, திரும்பவும் முருகேசனை அமுக்கிக் கழுவினார். வேனில் ஏற்றிய பிறகும் வேலூர் போய்ச் சேரும்வரை சலைன் பாட்டிலைப் பிழிந்து பிழிந்து ஊற்றிக்கொண்டே வந்தார்.

வலது கண்ணில் பார்வை தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். இடது கண் போய்விட்டது. அதைத் தண்ணீரில் காட்டத் தாமதமாகிவிட்டது, உள்ளே என்னத்தையோ வேறு அப்பியிருக்கிறார்கள் என்றார். முருகேசனின் பொண்டாட்டி அங்கேயே தரையில் சரிந்து அழுதாள். ஒற்றைக் கண்ணுக்கு எவன் ஹெவி லைசென்ஸ் கொடுப்பான்? லாரி, மும்பை எல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முடிந்துபோனது.

கட்டுப் போட்ட தலையோடு மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். சிஸ்டர் அவர் எதிரே போய் நின்றார். மறுபடி அடிக்கப் போகிறார் என்று நான் எழுந்தேன். அடிக்கவில்லை. நிஜமாகவே புரியாதவர் கேட்பதுபோல்தான் கேட்டார்.

"நான் கழுவிக்கினுதானயா இருந்தேன். ஏன்யா அவனுங்க என்ன புடிச்சி இழுத்தானுங்க? நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

மேஸ்திரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

"தெனமும் எவனையாச்சும் அடிக்கறியேம்மா. இன்னிக்கும் அடிக்கறேன்னுதான் நெனச்சானுங்க."

எனக்கு மேஸ்திரியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. சோடாவை அப்பிய விரல் அவருடையதுதானே. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் தாங்கவில்லை. அதன் பிறகு சிஸ்டர் கம்பெனிக்கு வரவே இல்லை. வேறு எங்கே போனார் என்றும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக நான் அவரைப் பார்த்தது அதே ஆஸ்பத்திரியில், இரண்டு நாள் கழித்து.

முருகேசன் இரண்டு கண்ணிலும் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பொண்டாட்டி அவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சாதாரணப் புடவையில் வந்திருந்தார். பூட்ஸ் இல்லாமல் அவர் நடந்து வந்தது யாருக்கும் கேட்கவில்லை. கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. கட்டில் அருகே போய், நான் அவரிடம் அதுவரை கேட்டே இராத ஒரு மெதுவான குரலில், "முருகேசா" என்று கூப்பிட்டார்.

முருகேசன் வாயிலிருந்த இட்லியோடு இரண்டு கையையும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். உடம்பு சுவரோடு ஒண்டியது.

"அடிக்காதீங்க சிஸ்டர். போட்டுக்கினுதான் இருந்தேன். தொடைக்கத்தான் கழட்னேன்."

சிஸ்டர் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டார். "அடிக்க வரலடா" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். பொண்டாட்டியும் அவன் தோளைத் தொட்டு, ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சொன்னாள். நானும் சொன்னேன்.

அவன் கையை எடுக்கவில்லை.